அடிக்கட்டையில் பிறக்கும் பூச்சிக்குக் கன்றின்மேல் மருந்தா?

ஸ்காட்லாந்தின் அரசு வனங்களை நிருவகிப்போருக்கும், தனியார் காடுகளின் உடைமையாளர்களுக்கும், அக்காடுகளுக்கு நாற்று வளர்த்துக் கொடுக்கும் பண்ணையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

தென்மேற்கு ஸ்காட்லாந்தின் காலோவே மலைச்சரிவுகளில் நான் பதினொரு நடவுப் பருவங்களைக் கழித்திருக்கிறேன். முதல் ஆறு பருவங்கள் இடுப்பில் நாற்றுப் பையும் கையில் மண்வாரியுமாக சிட்கா ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரக் கன்றுகளை நட்டேன். அதன்பின், நட்டவற்றில் எத்தனை பிழைத்தன, எத்தனை போயின, போனவை எதனால் போயின என்று எண்ணிச் சொல்லும் வேலைக்கு மாறினேன். இம்மடலின் ஆங்கிலப் படி உங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழிலும் இதை எழுதுவதற்குக் காரணம், பூச்சியைப் பற்றி நான் அறிந்த முதல் பாடங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில் என் தந்தையாரின் தென்னந்தோப்பில் தமிழில் கற்றவை என்பதும், மரம் நடுவது என்றாலே நல்ல காரியம் என்று நம்பி அதற்கு மேல் எதுவும் கேட்காத எம்மவர்களுக்கும் இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுவதும்தான்.

நான் பேசப்போவது பைன் கூன்வண்டைப் பற்றி. 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் பெயரிட்டுப் பதிந்த பூச்சி இது. அறிவியலார் இன்று ஹைலோபியஸ் அபியெட்டிஸ் என்பார்கள். பிரிட்டனுக்கு வந்தேறியது அன்று, இம்மண்ணுக்கே உரியது. தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவத்தை விளக்க வேண்டியதில்லை. அதே நீண்டு வளைந்த மூக்கு. உடல் மட்டும் சிறிது, சுண்டுவிரல் நகத்தின் நீளம். கரும்பழுப்பு நிறம், முதுகில் வெளிறிய மஞ்சள் திட்டுகள். ஏப்ரல் கடைசியில் வெயில் அடிக்கும் ஒரு நாளில், மரம் வெட்டி ஒன்றிரண்டு ஆண்டுகளான நிலத்தில் மண்டியிட்டு, புதிதாக நட்ட கன்றின் அடியில் காய்ந்த சருகை விரலால் விலக்கிப் பாருங்கள். தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்துக்குச் சற்று மேலே, பென்சில் முனையால் கிள்ளியதுபோல் பட்டை சிறுசிறு குழிகளாகக் காணாமற் போயிருக்கும். குழியின் விளிம்பில் பிசின் வெள்ளை முத்தாகத் திரண்டிருக்கும். மேலே ஊசியிலைகள் பச்சையாகவே இருக்கும். அதனால்தான் வண்டியில் இருந்தபடி பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரிவதில்லை. குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து தண்டைச் சுற்றி வளையமானால், அடுத்த சில வாரங்களில் கன்று செங்கல் நிறமாகி நிற்கும்.

பட்டை தின்னும் இந்த வண்டு கன்றைத் தேடி அங்கே வந்ததன்று என்பதுதான் நான் இம்மடலில் மீண்டும் மீண்டும் சொல்லப்போகும் செய்தி. அது அடிக்கட்டையைத் தேடி வந்தது. புதிதாக வெட்டிய ஊசியிலை மரத்தின் கட்டையிலிருந்து கசியும் பிசின் வாசனையும் சாராய வாசனையும் வெகு தொலைவிலிருந்து அதை இழுக்கின்றன. வந்து இறங்கியதும் நடந்தே திரிந்து, கட்டையின் வேர்ப்பட்டையில் முட்டையிடுகிறது. முட்டையிட்ட இடத்தைத் தன் எச்சத்தால் மூடும் பழக்கம் பெண் வண்டுக்கு உண்டு. அந்த எச்சத்தில் உள்ள சில பொருள்கள் மற்ற வண்டுகளை அங்கே வாய் வைக்கவிடாமல் தடுக்கின்றன என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். தன் பிள்ளையைக் காக்க அதற்குத் தெரிந்த அளவுகூட நம் கன்றைக் காக்க நமக்குத் தெரியவில்லையே என்று படித்தபோது நினைத்துக்கொண்டேன். புழுக்கள் வேர்ப்பட்டைக்கு அடியில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை, நிலத்தின் வெப்பத்தைப் பொறுத்து, வளர்கின்றன. வண்டாகி வெளியே வரும்போது, தாய் மரங்கள் இருந்த இடம் வெறும் வெட்டவெளியாக இருக்கிறது. அதில் நாம் ஹெக்டேருக்கு 2,500 இளங்கன்றுகளை வரிசை பிடித்து நட்டு வைத்திருக்கிறோம். பசித்து வெளியேறும் வண்டுக்கு இதைவிட நல்ல பந்தி அமையாது.

வண்டு நான்காண்டுகள் வரைகூட உயிர் வாழக்கூடியது. குளிர்காலத்தை மண்ணுக்குள்ளும் சருகுக்குள்ளும் கழித்துவிட்டு வசந்தத்தில் ஒருமுறை, கோடையின் இறுதியிலிருந்து இலையுதிர்காலம் வரை மறுமுறை என இரண்டு காலங்களில் கடுமையாகத் தின்கிறது. ஒரு ஹெக்டேர் வெட்டுநிலத்தின் கட்டைகளிலிருந்து பல்லாயிரக்கணக்கில் வண்டுகள் வெளிவரக்கூடும். பாதுகாப்பு ஏதுமின்றி நட்டால் பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் முதல் சில ஆண்டுகளில் போவதும், சில இடங்களில் ஒன்றுகூட மிஞ்சாமற் போவதும் உங்களுக்குத் தெரிந்தவைதாம். மரமே இல்லாதிருந்த மேய்ச்சல் நிலத்தில் முதன்முதலாகக் காடு வளர்த்த தலைமுறைக்கு இந்தத் தொல்லை பெரிதாகத் தெரிந்திருக்காது. 1919-இல் தொடங்கப்பட்ட வன ஆணையம் மலைகளில் நட்டவை விளைந்து, மொட்டையாக வெட்டப்பட்டு, அதே நிலத்தில் மறுநடவு தொடங்கியபோதுதான் கூன்வண்டு தன் கணக்கைத் திறந்தது. சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக வெட்டி மொத்தமாக நடும் முறையை வைத்துக்கொண்டு, வண்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

இந்த வண்டுக்கு எதிராக நாம் கையாண்டவற்றின் வரலாறு ஒரே மாதிரியானது. டி.டி.டி., லிண்டேன் ஆகியவற்றின் கரைசல்களில் கன்றுகளை முக்கியெடுத்து நட்டார்கள். அவை தடை செய்யப்பட்டதும் பெர்மெத்ரின் வந்தது. அது போனதும் சைபர்மெத்ரின், ஆல்பா சைபர்மெத்ரின் வந்தன. காடுகளுக்குச் சான்றளிக்கும் அமைப்புகள் அவற்றையும் மிகுந்த ஆபத்துள்ளவை என்று பட்டியலிட்டு நெருக்கியதும், இப்போது அசிட்டமிப்ரிட் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் முந்தையது தீயது என்று தெரிந்த பின்னர் அடுத்ததைத் தேடினோம். கட்டையைப் பற்றிய கேள்வியை மட்டும் தள்ளிப்போட்டோம். சைபர்மெத்ரின் என்ன செய்யும் என்பதை இந்நாட்டு ஆட்டுப் பண்ணையாளர்களிடம் கேட்டாலே தெரியும். ஆடுகளை முக்கியெடுக்கும் தொட்டிகளுக்கான சைபர்மெத்ரின் மருந்தின் விற்பனை, ஓடைகளின் உயிரினங்கள் அழிந்ததால், 2006-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதன் பிறகும் அதே மருந்து காட்டில் கன்றுகளின்மீது தொடர்ந்து தெளிக்கப்பட்டது.

அசிட்டமிப்ரிட்டைப் பூதமாகக் காட்ட நான் முயலவில்லை. அதற்கு முந்தையவற்றோடு ஒப்பிட்டால் இது மேலானது. நியோநிகோட்டினாய்டு என்னும் பூச்சிக்கொல்லி இனத்தின் மூன்று மருந்துகளை வெளிநிலங்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தபோது, தேனீக்களுக்கு நஞ்சு குறைவு என்பதால் அதே இனத்தைச் சேர்ந்த இது தப்பியது. ஆனால் தேனீக்குக் குறைந்த நஞ்சு என்பது தண்ணீரில் வாழும் பூச்சிகளுக்கும் குறைந்த நஞ்சு என்று பொருள்படாது. ஈசல்போல் ஒரு நாள் பறந்து மடியும் மேஃபிளை பூச்சிகளின் இளங்குஞ்சுகள் இம்மருந்துக்கு மிக எளிதில் பலியாகின்றன. அந்தக் குஞ்சுகளைத் தின்றுதான் ஓடையில் சால்மன் மீன் குஞ்சுகள் வளர்கின்றன. கிரேட் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2023 டிசம்பரில் அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. சால்மன் குறைந்ததற்குக் காட்டு மருந்துதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கடல் வெப்பம் முதல் அணைகள் வரை காரணங்கள் பல. ஆனால் நம் நடவு நிலங்களின் வடிகால்கள் எல்லாம் அந்த ஓடைகளில்தான் போய் விழுகின்றன என்பதால், அங்கே சேரும் ஒவ்வொரு துளிக்கும் நாம் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள். அசிட்டமிப்ரிட் மனித உடலில் எந்த அளவுவரை சேரலாம் என்ற நாள்வரம்பை ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கும்படி ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் பரிந்துரைத்தது. இந்த மருந்தும் முந்தையவற்றின் வழியிலேயே போகும் என்று கருதித் திட்டமிடுவதுதான் விவேகம்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். இடத்தையும் உடைமையாளரையும் பெயர் சொல்ல மாட்டேன். அவர்கள் செய்தது ஊரில் எல்லாரும் செய்வதுதான். பதினெட்டு ஹெக்டேர் நிலம். குளிர்காலத்தில் மரம் வெட்டினார்கள். அடுத்த ஆண்டு வசந்தத்தில் நாங்கள் நட்டோம். கன்றுகள் பண்ணையிலேயே மருந்து தெளிக்கப்பட்டு வந்தவை. முதல் கோடை நல்லபடியாகப் போயிற்று. இரண்டாம் கோடையின் இறுதியில், பண்ணையில் தெளித்த மருந்தின் வீரியம் வடிந்திருந்த நேரத்தில், கட்டைகளுக்குள் வளர்ந்த வண்டுகள் வெளியே வந்தன. மறு தெளிப்புக்கு ஆள் வருவதற்குள் மூன்று வாரம் மழை. நான் எண்ணிய நிலத்துண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் வளையம் விழுந்து நின்றன. செத்த கன்றுகளின் இடத்தை நிரப்ப அடுத்த வசந்தத்தில் மறுபடி நட்டோம். புதிய கன்றுகள் மெல்லியவை, அவற்றைத்தான் வண்டுகள் முதலில் தின்றன. மூன்றாம் முறையும் நட்டோம். மூன்று தடவை நாற்று விலை, மூன்று தடவை நடவுக் கூலி, நான்கைந்து தடவை மருந்து. கடைசியில், வெட்டிய ஐந்தாம் ஆண்டில் நட்ட கன்றுகள்தாம் இன்று அங்கே இடுப்பளவு நிற்கின்றன. அவை எப்படிப் பிழைத்தன என்று எனக்குள் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் மதிய உணவு வேளையில் கொத்தனார் உளி ஒன்றால் பழைய கட்டையின் வேரைப் பெயர்த்துப் பார்த்தேன். பட்டை ஈரத் துணிபோல் உரிந்து வந்தது. உள்ளே புழுக்கள் குடைந்த பாதைகள் இருந்தன, மரத்தூள் இருந்தது. புழு ஒன்றுகூட இல்லை. கட்டை காலியாகியிருந்தது. பக்கத்து வெட்டுநிலத்தில், வெட்டி ஈராண்டே ஆன கட்டையின் வேரைப் பெயர்த்தபோது, ஓர் உள்ளங்கை அகலப் பட்டைக்கு அடியில் வளைந்த வெண்ணிறப் புழுக்கள் ஒன்பது, பழுப்புத் தலைகளை ஆட்டிக்கொண்டு கிடந்தன.

மருந்தை முதல் வரியில் எழுதித் திட்டத்தை அதன் பின்னர் எழுதும் வழக்கம் தவறு என்பதை அன்று நான் புரிந்துகொண்டேன். கட்டை காலியாகும் காலம் நிலத்துக்கு நிலம் மாறுகிறது. தெற்கு நோக்கிய, வெயில் படும் தாழ்ந்த சரிவில் ஈராண்டில் காலியாகலாம். உயர்ந்த, குளிர்ந்த, ஈரக்கரி மண்ணில் (மட்கிய தாவரங்கள் சேர்ந்த பீட் மண்ணில்) நான்கைந்து ஆண்டுகள் ஆகலாம். இதை ஊகிக்க வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் சொந்த வன ஆய்வு நிறுவனம், புதிதாக வெட்டிய கட்டைத்துண்டுகளை நிலத்தில் கிடத்தி, அவற்றின் அடியில் ஒதுங்கும் வண்டுகளை எண்ணி, இந்த இடத்தில் எப்போது நட்டால் எவ்வளவு சேதம் வரும் என்று கணித்துச் சொல்லும் முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கிவிட்டது. கேட்பதற்குக் கிராமத்து வைத்தியம்போல் இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பயன்படுத்தாமல், "எப்படியும் மருந்து அடிக்கத்தானே போகிறோம்" என்று நடுகிறவர்களும், குறிப்பாகச் சிறு காடுகளில், ஏராளம். வெட்டு அனுமதியோடு மறுநடவு நிபந்தனை ஒட்டிக்கொண்டே வருவதால், காலக்கெடுவுக்குள் நட்டு முடித்து நிபந்தனையைக் கழித்துக்கொள்ளும் அவசரமே உடைமையாளர்களிடம் இருக்கிறது. எனவே அனுமதி வழங்கும் அதிகாரிகளிடம் என் முதல் வேண்டுகோள் இது: வண்டு எண்ணிக்கையைக் காட்டித் தள்ளிப்போட விரும்புகிறவருக்குக் காலக்கெடுவைத் தானாகவே நீட்டிக் கொடுங்கள், எண்ணாமல் நடுகிறவரிடம் ஏன் எண்ணவில்லை என்று கேளுங்கள்.

நிலத்தைத் தரிசாக விடுவதற்கும் விலை உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. நான்காண்டு காத்திருந்தால் புல்லும் பெரணியும் முட்செடியும் நிலத்தை மூடிவிடும். அவற்றை அடக்கக் களைக்கொல்லி தெளித்தால், ஒரு நஞ்சைத் தவிர்க்க வேறொரு நஞ்சை வாங்கியவர்களாவோம். நாற்பதாண்டு விளைச்சலில் நான்காண்டு இழப்பது சிறிய கணக்கன்று. களை வேகமாக ஏறும் வளமான தாழ்நிலங்களில் தரிசு விடுவது எனக்கே சரியாகப் படவில்லை. ஆனால் காலோவேயின் மேட்டு நிலங்களில், களை மெதுவாக ஏறும் மட்டமான மண்ணில், காத்திருப்பதே மலிவான பாதுகாப்பு. எல்லா நிலத்துக்கும் ஒரே அட்டவணை போடுவதுதான் பிழை.

காத்திருக்க முடியாத நிலத்தில் மண்ணைத் திருத்துவது அடுத்த வழி. இந்த வண்டுக்குச் சருகும் புல்லும் பாசியும் மூடிய தரை வேண்டும். தாவரம் ஏதுமற்ற கனிம மண்ணில் அது நிற்காமல் விரைவாக நடந்து கடந்துவிடுகிறது. கன்றைச் சுற்றி இரண்டு சாண் அகலத்துக்கு வெறும் மண் இருந்தால் சேதம் வெகுவாகக் குறைகிறது. எந்திரம் புரட்டிய மண்மேட்டின் உச்சியில் நடுவதால் கிடைக்கும் பலன் வடிகால் மட்டுமன்று, இதுவும்தான். ஆனால் நடைமுறையில் நான் காண்பது வேறு. ஆழமான கரி மண்ணில் எந்திரம் புரட்டிப் போடும் மேடு கரி மண்ணாகவே இருக்கிறது, அடியிலுள்ள கனிம மண் மேலே வருவதில்லை. வந்த இடத்திலும், நடுகிறவர் கூலிக்கு ஓடுகிறவர். கன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்டிருக்கும்போது, நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் நட்டாக வேண்டிய ஒருவர், மேட்டின் உச்சிக்கு ஏறாமல் எட்டிய ஓரத்திலேயே, புல்லோடு புல்லாகக் கன்றைச் செருகிவிட்டு நகர்ந்தால் அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. நானும் அப்படிச் செருகியவன்தான். சரியான இடத்தில் நட்ட கன்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். ஒரு தெளிப்புக்குச் செலவாகும் பணத்தை இங்கே செலவிட்டால் அந்தத் தெளிப்பே தேவைப்படாமற் போகக்கூடும்.

இனி நாற்றுப்பண்ணையாளர்களுக்கு. தண்டு பருத்த கன்று பிழைக்கிறது, மெலிந்தது சாகிறது. வேர்க்கழுத்தில் பத்து மில்லிமீட்டரை நெருங்கிய கன்றை வண்டு தின்றாலும் வளையம் விழுவதற்குள் அதன் பசி அடங்கிவிடும். ஐந்து மில்லிமீட்டர் கன்றுக்கு ஒரு வண்டே போதும். ஆயினும் கன்றின் விலையை இன்றும் உயரத்தை வைத்தே பேசுகிறோம். உயரம் பார்வைக்கு அழகு, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய செய்தி, ஸ்வீடன் செய்து காட்டியிருப்பது. 1970-களின் நடுவில் கன்றுகளுக்கு டி.டி.டி. முக்குவதை நிறுத்திய அந்நாடு, பெர்மெத்ரினையும் இழந்தபின், அடுத்த மருந்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. அந்நாட்டு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், மிக நுண்ணிய மணலை நெகிழும் பசையில் கலந்து, தண்டின் அடியிலிருந்து பாதிக்குச் சற்று மேற்பட்ட உயரம் வரை பூசும் முறையை உருவாக்கினார்கள். மணல் தடவிய பட்டையை வண்டால் கடிக்க முடிவதில்லை. கன்று பருக்கும்போது பூச்சும் விரிந்து கொடுக்கிறது. ஏறத்தாழ இரண்டு பருவங்கள் தாங்குகிறது. உருகிய மெழுகைப் பூசும் முறையும் பரவியது. இன்று ஸ்வீடனில் பாதுகாப்புடன் நடப்படும் கன்றுகளில் பெரும்பாலானவை மருந்தால் அன்றி இத்தகைய பூச்சால்தான் காக்கப்படுகின்றன. இச்செய்தியை முதலில் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். தென்னங்குருத்தைக் காண்டாமிருக வண்டு குடையாமலிருக்க, வேப்பங்கொட்டைத் தூளோடு இரண்டு பங்கு மணலைக் கலந்து மட்டை இடுக்குகளில் என் தந்தையார் போட்டுக்கொண்டிருந்ததை அரைக்கால் சட்டை வயதில் வேடிக்கை பார்த்தவன் நான். காண்டாமிருக வண்டைக் குருத்தில் பிடிப்பதைவிட எருக்குழியில் அதன் புழுவைப் பொறுக்குவது மேல் என்றும் அவர் சொல்வார். எருக்குழிக்குப் பதில் இங்கே அடிக்கட்டை.

இந்தப் பூச்சுமுறை இங்கே ஏன் வேர்பிடிக்கவில்லை என்பதற்கு நீங்கள் கூறும் காரணங்களில் உண்மை இருக்கிறது. ஸ்வீடனில் கன்றுகள் குழித்தட்டுகளில் ஒரே அளவாக வளர்கின்றன, எந்திரத்தில் வரிசையாகப் பூச முடிகிறது. இங்கே பெரும்பாலும் நிலத்தில் வளர்த்துப் பிடுங்கிய, கிளைத்த, ஒன்றுக்கொன்று வேறுபட்ட வெறுவேர்க் கன்றுகள். பிரிட்டனில் நடந்த களச் சோதனைகளில் பூச்சுகளும் உறைகளும் மருந்தளவுக்கு நம்பத்தக்கவையாக எல்லா இடத்திலும் இருக்கவில்லை. வண்டுப் பெருக்கம் மிகுந்த நிலத்தில் அவை தோற்றன. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வண்டுப் பெருக்கம் மிகுந்த நிலத்தில், மண்ணைத் திருத்தாமல், எண்ணிப் பார்க்காமல், மருந்து இருக்க வேண்டிய இடத்தில் பூச்சை மட்டும் மாற்றி வைத்துச் சோதித்தால் அது தோற்கத்தான் செய்யும். ஸ்வீடன்காரர்கள் பூச்சையும் மண் திருத்துவதையும் சேர்த்தே செய்கிறார்கள். அந்தச் சேர்க்கையை ஸ்காட்லாந்தின் மண்ணில், நூற்றுக்கணக்கான ஹெக்டேர் அளவில், அரசு வனங்களே முன்னின்று சோதிக்க வேண்டும். பூச்சு எந்திரம் வாங்கும் பண்ணைக்கு, இத்தனை ஆண்டுகளுக்கு இத்தனை இலட்சம் பூசிய கன்றுகளை வாங்கிக்கொள்கிறோம் என்று எழுத்தில் உறுதி கொடுத்தாலன்றி எந்தப் பண்ணையாளரும் முதலீடு செய்ய மாட்டார். செய்யச் சொல்வதும் முறையன்று.

கட்டையிலேயே புழுவை அழிக்கும் வழியும் உண்டு. பூச்சிகளுக்குள் புகுந்து கொல்லும் நூற்புழுக்களை, கட்டை ஒன்றுக்குச் சுமார் 35 இலட்சம் என்ற அளவில், தண்ணீரில் கலந்து கட்டையைச் சுற்றி ஊற்றும் முறை அயர்லாந்திலும் இங்கும் பல ஆண்டுகள் சோதிக்கப்பட்டிருக்கிறது. எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டாம், ஒரு குவளைத் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கிவிடும். கட்டையைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லும் எனக்கு இதில் ஆசை அதிகம். இருப்பினும் மேட்டு நிலத்தின் ஒவ்வொரு கட்டைக்கும் தண்ணீர்த் தொட்டியோடு எந்திரத்தை ஓட்டும் செலவையும், அது மண்ணை அழுத்தும் கெடுதலையும் பார்த்தவன் என்ற முறையில், ஓடைக்கரை போன்ற மருந்தே கூடாத இடங்களுக்கு மட்டும் இதை ஒதுக்குவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

இவையெல்லாம் இப்போது அவசரமாவதற்கு ஒரு காரணம் உண்டு. 2021 நவம்பர் இறுதியில் வீசிய ஆர்வென் புயல் ஸ்காட்லாந்தில் சுமார் 8,000 ஹெக்டேர் காட்டைச் சாய்த்தது. சாய்ந்தவற்றை அப்புறப்படுத்திய நிலங்களில் மறுநடவு இன்னும் முடியவில்லை. லார்ச் என்னும் ஊசியிலை மரங்களைக் கொல்லும் பைட்டோப்தோரா நோய் காலோவேயில் இன்னொரு பக்கம் வெட்டச் சொல்கிறது. திட்டமிட்டு வெட்டும்போது அடுத்தடுத்த நிலங்களை ஆண்டு இடைவெளி விட்டு வெட்டலாம். புயலும் நோயும் அந்த இடைவெளியைக் கொடுப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து நிலங்களில் ஆண்டுதோறும் புதுக்கட்டைகள் சேரச் சேர, ஒரு நிலத்தின் கட்டைகளிலிருந்து வெளியேறும் வண்டு அடுத்த நிலத்துக்குப் பறந்துவிடுகிறது. வெப்பம் கூடக்கூடப் புழு வளரும் காலமும் சுருங்கும். ஆகவே அண்டை உடைமையாளர்கள் வெட்டும் ஆண்டுகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். இன்று அப்படிச் சொல்லிக்கொள்ளும் வழக்கம், எனக்குத் தெரிந்தவரை, வேலிக்கு இருபுறமும் நின்று பேசும் காவலாளிகளிடம் மட்டுமே இருக்கிறது.

மருந்தைக் கையாளும் கைகளைப் பற்றியும் ஒரு சொல். பண்ணையில் மருந்து தெளிக்கப்பட்ட கன்றுகள் பையில் வருகின்றன. பையின் மேல் எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் அச்சாகியிருக்கிறது. நடுகிற குழுக்களில் ருமேனியர், பல்கேரியர், போலந்துக்காரர், இப்போது எங்களைப் போன்ற சிலர். ரப்பர் கையுறை இரண்டாம் நாளே முள்ளிலும் கல்லிலும் கிழிந்துவிடும். கிழிந்த கையுறையோடு நாள் முழுவதும் நட்டு, அதே கையால் ரொட்டியைப் பிரித்துத் தின்றிருக்கிறோம். எச்சரிக்கையைப் படித்துச் சொல்ல ஒருவரும், மாற்றுக் கையுறை ஒரு பெட்டியும் ஒவ்வொரு குழுவுடனும் இருப்பதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். பூசிய கன்றுகள் வந்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோராண்டும் எத்தனை ஹெக்டேரில் எவ்வளவு மருந்து தெளித்தோம், தெளித்த இடத்திலும் தெளிக்காத இடத்திலும் எத்தனை கன்றுகள் பிழைத்தன என்ற கணக்கை, நில வாரியாக, யாரும் பார்க்கும்படி வெளியிடுமாறு அரசு வனங்களை நிருவகிப்போரைக் கேட்டுக்கொள்கிறேன். எங்களைப் போன்றவர்கள் மழையில் நனைந்து எண்ணிக் கொடுத்த எண்கள் ஏதோ ஒரு கோப்பில் இருக்கத்தான் செய்கின்றன. அவை வெளிவந்தால், எந்த மண்ணில் எத்தனை ஆண்டு காத்திருந்தால் மருந்தின்றியே கன்று பிழைக்கிறது என்பதை ஐம்பது ஹெக்டேர் வைத்திருக்கும் சிறு உடைமையாளரும் தெரிந்துகொள்வார்.

நடவு வசந்தத்தில் நடந்தாலும், கன்றுக்கான ஆணைகள் பண்ணைகளுக்கு வெகு முன்னதாகவே போய்விடுகின்றன. பிடுங்குவதற்கு முன் பூச்சா மருந்தா என்று முடிவாகியிருக்க வேண்டும். கட்டைத்துண்டுகளைக் கிடத்தி வண்டுகளை எண்ணுவதும் கோடையிலேயே முடிய வேண்டும். எனவே வரும் ஆணைகளில் கையெழுத்திடும் முன், நடவிருக்கும் நிலம் ஒவ்வொன்றிலும் நான்கைந்து கட்டைகளின் வேரையாவது பெயர்த்துப் பார்க்க ஒருவரை அனுப்புங்கள். ஒரு நிலத்துக்கு அரை நாள் போதும், ஓர் உளி போதும்.

இங்ஙனம்,
காலோவே பகுதி நடவுத் தொழிலாளர்களுள் ஒருவன்